இரைச்சலைக் கழற்றியவர்கள்: ஷோனா மக்களின் ம்பிரா இசை குறித்து

ஜிம்பாப்வே நாட்டு ஷோனா மக்களின் ம்பிரா இசையைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுறாங்க. 'மனதை வருடும் இசை', 'ஆப்பிரிக்காவின் ஆன்மா', 'தியானத்துக்கு உகந்தது.' இந்த வருடல் சமாச்சாரத்தை முதலில் ஓரமா வச்சிடுவோம். ம்பிராவைக் கேட்கிற யாருக்கும் முதலில் காதில் விழுவது வருடல் இல்லை, கரகரப்பு. ஒவ்வொரு சுரத்தோடும் கூடவே ஒரு இரைச்சல் வரும். ஒலிப்பதிவு கெட்டுப்போச்சோன்னு நினைக்கத் தோணும். கெட்டுப்போகலை. அது வேணும்னே வச்ச இரைச்சல். அந்த இரைச்சலைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். நூறு வருசத்துக்கு மேலாக இந்த இசையின் மீது கைவைத்த ஒவ்வொரு அதிகாரமும், பாதிரியார்களாகட்டும், வியாபாரமாகட்டும், விடுதலைக்குப் பிறகு வந்த சொந்த அரசாகட்டும், முதலில் கழற்றப் பார்த்தது அந்த இரைச்சலைத்தான் என்பது என் கருத்து.

கருவியைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லியாகணும். ஒரு கனமான மரப்பலகை. பெரும்பாலும் முப்வமரோபா மரம். வெட்டினால் ரத்தம் மாதிரி சிவப்புப் பால் வடிகிற மரம் அது. பலகையின் மேல் இருபத்திரண்டிலிருந்து இருபத்தெட்டு வரை இரும்பு நாக்குகள். இரண்டு கட்டை விரலும் வலது ஆள்காட்டி விரலும்தான் வாசிக்கும். வலது சுண்டு விரலைப் பலகையின் மூலையில் உள்ள துளையில் விட்டுப் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பலகையை டெஸே என்கிற பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைத்துச் செருகி வாசித்தால் ஓசை பெருகும். பலகையிலும் குடுக்கையின் விளிம்பிலும் முன்பு நத்தை ஓடுகளைக் கட்டினார்கள். இப்போது சோடா மூடிகள். நாக்கு அதிரும்போது மூடியும் அதிருது. கரகரப்பு அங்கிருந்துதான் வருது. அது கருவியின் குறை இல்லை, பாதிக் கருவியே அதுதான். மூடியில்லாத ம்பிரா அவர்களுக்கு உப்பில்லாத கூழ்.

இன்னொரு விசயம். ம்பிராவைத் தனியாளாகவும் வாசிக்கலாம். ஆனால் அதன் முழு உருவம் குறைந்தது இரண்டு பேர் சேரும்போதுதான் தெரியும். ஒருவர் குஷௌரா, அதாவது தொடங்குகிற பகுதியை வாசிப்பார். இன்னொருவர் குட்சின்ஹிரா, அதற்குப் பதிலாகப் பின்னிக்கொண்டு போகிற பகுதி. சில பாட்டுகளில் இரண்டு பேரும் வாசிப்பது ஒரே வரிதான். ஒருத்தர் ஒரு துடிப்பு தள்ளி வாசிப்பார். இரண்டும் மோதி, யாருமே வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று கேட்கும். ஹோஷோ என்கிற சுரைக்காய்க் கிலுகிலுப்பை மூன்றாவது ஆளாக வந்து சேரும். கூட்டம் கைதட்டும், ஆடும், தனக்குக் கேட்ட மெட்டைப் பிடித்துக்கொண்டு பாடும். பக்கத்தில் இருக்கிறவருக்கு வேற மெட்டு கேட்டிருக்கும். பாட்டு சுற்றிச் சுற்றி வருமே தவிர, இதுதான் ஆரம்பம், இதுதான் முடிவு என்று ஒன்று கிடையாது. மேடையில் ஒரு வித்வான், கீழே வாய்மூடி ரசிக்கும் சபை என்கிற ஏற்பாட்டுக்கு இதில் இடமே இல்லை. இதை மனசில் வச்சிக்கிட்டு மேலே படியுங்கள்.

இந்த வகை ம்பிராவுக்கு 'ம்பிரா ஜவஜிமு' என்று பெயர். முன்னோர்களின் ம்பிரா என்று அர்த்தம். ஷோனா மொழி பேசுகிற எல்லாரிடமும் ஒரே மாதிரி இது இருந்ததில்லை. முக்கியமா நாட்டின் மத்தியப் பகுதியில் ஜெஸுரு மக்களிடம் ஓங்கியிருந்தது. பீரா என்கிற சடங்கு ராத்திரி முழுக்க நடக்கும். தானியத்தில் காய்ச்சிய பீர் முன்கூட்டியே தயாராகியிருக்கும். ம்பிரா வாசிக்க வாசிக்க, ஸ்விக்கிரோ என்கிற சாமியாடியின் மீது செத்துப்போன பாட்டனோ பூட்டனோ இறங்குவார். இறங்கினவரிடம் குடும்பம் கேள்வி கேட்கும். நோய் ஏன் தீரலை? மழை ஏன் பொய்த்தது? நிலத் தகராறுக்கு என்ன வழி? பாட்டன் பதில் சொல்வார். ஆக, ம்பிரா வெறும் கேளிக்கை இல்லை. அது ஒரு ஊரின் நீதிமன்றம், மருத்துவமனை, வரலாற்று ஏடு எல்லாமாகவும் இருந்தது. எந்தப் பாட்டனுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பது வாசிக்கிறவனுக்குத் தெரிந்திருக்கணும். அவன் சரியாக வாசிக்கலைன்னா பாட்டன் வரமாட்டார்.

'ஆப்பிரிக்காவுக்கு வரலாறே இல்லை' என்று எழுதிவைத்த அய்ரோப்பியப் பேராசிரியர்களுக்கு ஒரு தகவல். போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜுவாவ் தோஸ் சாண்டோஸ் 1586இல் இன்றைய மொசாம்பிக் பகுதியில் இரும்பு நாக்குகள் கொண்ட 'அம்பிரா'வைப் பார்த்து, அதன் இனிமையை வியந்து பதிவு செய்திருக்கிறார். அவர் புத்தகம் 1609இல் அச்சானது. இரும்பை உருக்கி, அடித்து, சுதி சேர்த்து வாசிக்கத் தெரிந்த சனத்தைத்தான் பின்னால் வந்தவன் 'காட்டுமிராண்டி' என்றான்.

பின்னால் வந்தவன் ரோட்ஸின் பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்கக் கம்பெனிக்காரன். 1890இல் பீரங்கியோடு உள்ளே வந்தான். நிலம் போச்சு, மாடு போச்சு, குடிசை வரி வந்துச்சு. 1896-97இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதுதான் முதல் சிமுரெங்கா. அதில் முன்னின்றவர்களில் நெஹாண்டா என்கிற ஆதித்தாயின் ஆவி இறங்கிய சார்வே என்ற பெண்ணும், ககூவி என்ற ஆவி இறங்கிய ஆணும் உண்டு. 1898இல் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அடுத்த வருசமே, 1899இல், சூனிய ஒழிப்புச் சட்டம் வந்தது. சாமியாடியின் வாய்க்கு மக்களைத் திரட்டும் சக்தி இருக்கு என்பதை வெள்ளைக்காரன் நம்மில் பல பகுத்தறிவாளர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தான். சட்டம் ஒரு பக்கம் என்றால் மிசன் பள்ளிகள் இன்னொரு பக்கம். ம்பிரா வாசிப்பது பாவம், அது பேயைக் கூப்பிடுகிற கருவி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் பேர்பெற்ற ம்பிரா கலைஞர் எஃபாட் முஜூருவுக்குச் சின்ன வயசில் கத்தோலிக்கப் பள்ளியில் கிடைத்த பாடமும் இதுதான். தாத்தா கோபப்பட்டு அவரை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படியொரு தாத்தா வாய்க்கவில்லை. தன் வீட்டு ஓசையைக் கேட்டுத் தானே கூசுகிற தலைமுறை ஒன்று உருவானது. நிலத்தைப் பிடுங்குவதைவிட இது மோசமான வேலை. நிலத்தைப் பிடுங்கினவனை எதிரின்னு தெரியும். காதுக்குள்ளே உட்கார்ந்திருப்பவனை எப்படித் தெரியும்?

தடை செய்தவர்களை அடையாளம் காண்பது சுலபம். ரசித்தவர்களைப் பற்றிப் பேசுவதுதான் கஷ்டம். இங்கிலாந்திலிருந்து போன ஹியூ ட்ரேசி 1929இல் பதினாலு இளைஞர்களை ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் கூட்டிப்போய் இசைத்தட்டில் பதிவு செய்யவைத்தார். ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி ஆயிரக்கணக்கில் பதிவு செய்தார். 1954இல் ஆப்பிரிக்க இசைக்கான ஆவணக்காப்பகம் ஒன்றையும் நிறுவினார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர் பதியாமல் விட்டிருந்தால் பல குரல்கள் மண்ணோடு போயிருக்கும். அதே ட்ரேசிதான் 1950களில் ம்பிரா இனத்துக் கருவிகளைப் பார்த்து 'கலிம்பா' என்று ஒரு சரக்கை உருவாக்கி உலகச் சந்தைக்கு அனுப்பினார். இன்றைக்கு நம்ம ஊரிலும் பரிசுப் பொருளாக விற்கிறதே, அந்தச் சின்னப் பெட்டியின் பூர்வீகம் அதுதான். அதில் என்ன செய்தார்கள்? சுதியைப் பியானோவின் சுரவரிசைக்கு மாற்றினார்கள். ஷோனா ஊர்களில் ஒரு குடும்பத்தின் ம்பிரா சுதி இன்னொரு குடும்பத்துக்கு ஒத்துவராது. கருவி செய்கிறவரின் கை அதில் இருக்கும். அது போயிற்று. இரண்டாவது ஆள் போனார். மூடிகளும் போயின. கரகரப்பு சுத்தமாக நீங்கியது. மிஞ்சினதுதான் அந்த 'மனதை வருடும்' ஓசை. பாதிரியார் 'பேய்' என்று விரட்டியதைச் சந்தை 'அமைதி' என்று விற்றது. இரண்டு பேரும் கூப்பிடாமல் விட்டது ஒருத்தரைத்தான்: வாசித்துக்கொண்டிருந்த மனுசனை.

இந்த இடத்தில் சில தோழர்கள் குறுக்கிடலாம். 'சாமியாடுறது, ஆவி இறங்குறது எல்லாம் மூடநம்பிக்கைதானே? அதுல என்ன விடுதலை இருக்கு?' கேட்கவேண்டிய கேள்விதான். பதிலை ஜிம்பாப்வேயின் போராளிகளே தேடவேண்டியிருந்தது. 1960களின் நடுவில் தொடங்கி 1979 வரை நடந்த இரண்டாம் சிமுரெங்காவில், மார்க்சியம் படித்துவிட்டுத் துப்பாக்கியோடு ஊருக்குள் வந்த இளைஞர்கள் முதலில் போய் நின்றது சாமியாடிகளின் வாசலில். நிலம் யாருடையது என்று சொல்கிற அதிகாரம் அந்த முன்னோர்களிடம்தான் இருக்கிறது என்று மக்கள் நம்பினார்கள். 1930இன் நிலப் பங்கீட்டுச் சட்டம் நாட்டு நிலத்தில் சுமார் பாதியை ஒரு கைப்பிடி வெள்ளையர்களுக்கு எழுதிக்கொடுத்திருந்தது. அந்தச் சட்டத்துக்கு எதிராக மக்கள் கையில் இருந்த ஒரே பட்டா முன்னோர்களின் வாக்குதான். சாமியாடிகள் போராளிகளுக்குக் காட்டில் வழி சொன்னார்கள். ஊரைச் சேர்த்துக் கொடுத்தார்கள். டேண்டே பகுதியில் இதை ஆராய்ந்து டேவிட் லான் 1985இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

அதுக்காக இதைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. பெரிய ஆவிகள் பலவும் அரச வம்சத்து ஆவிகள். அதில் தலைவர் குடும்பங்களின் நலன் ஒளிந்திருக்கும். போராளிகளும் எல்லாச் சாமியாடிகளையும் மதிக்கவில்லை. எஃபாட் முஜூருவின் தாத்தா முச்சதேரா, சமினூக்கா என்ற பெரிய ஆவியின் சாமியாடியாக அறியப்பட்டவர். 1977இல் அவரைக் கொன்றவர்கள் வெள்ளைப் படையினர் இல்லை, விடுதலைப் போராளிகள்தான். பேரனுக்காகப் பள்ளியை எதிர்த்து நின்ற கிழவரின் கதி இது. விடுதலைப் போர்களின் கதையை எழுதும்போது இந்த மாதிரிச் சாவுகளை அடிக்குறிப்பில் தள்ளிவிடும் பழக்கத்தை நாம் விடணும்.

போர்க்காலத்தில் ம்பிரா இன்னொரு வேலையும் செய்தது. தாமஸ் மப்ஃபுமோ 1970களில் மேற்கத்திய ராக் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவர். அவரும் அவரோடு இருந்த கிடார்க்காரர்களும் ம்பிராவின் மெட்டுகளை அப்படியே மின்கிடாருக்கு மாற்றினார்கள். கம்பியை உள்ளங்கையால் அழுத்தி மீட்டினால் கிடாரின் மினுமினுப்பு அடங்கி, இரும்பு நாக்கின் கட்டை ஓசை வரும். கவனியுங்க, கழற்றப்பட்ட கரகரப்பை அவர்கள் வெள்ளைக்காரனின் கருவிக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். பாட்டு ஷோனா மொழியில், இரட்டை அர்த்தத்தில். காட்டில் இருக்கிறவர்களுக்குப் புரியும், காவல்துறைக்கு நிரூபிக்க முடியாது. 1977இல் 'ஹொக்கோயோ' இசைத்தட்டு வந்தது. 'ஜாக்கிரதை' என்று அர்த்தம். பிறகு அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வேடிக்கை என்னன்னா, 'பழங்குடி இசை' என்ற பெயரில் ம்பிராவை ரொடீசிய அரசு வானொலியே ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பழசாக, அடங்கிக் கிடக்கிறவரை அது பாரம்பரியம். பேச ஆரம்பித்தால் தேசத்துரோகம்.

ஆண்டைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. ஷோனா ஊருக்குள்ளேயே ம்பிராவைத் தொடக்கூடாதவர்கள் இருந்தார்கள்: பெண்கள். மாதவிலக்கைக் காரணம் காட்டினார்கள். தீட்டு என்ற சொல்லுக்கு இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. சாமியாடியாகப் பெண் இருக்கலாம், நெஹாண்டாவே பெண் மீது இறங்கினவர்தான், ஆனால் கருவியை எடுக்கக்கூடாது. 1946இல் பிறந்த ஸ்டெல்லா சிவேஷே 1960களில் தனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அலைந்தார். யாரும் முன்வரவில்லை. கடைசியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் இரங்கினார். 1974இல் 'கசாஹ்வா' என்ற முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது அவர் வாசித்தது இரவல் ம்பிராவில். அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது. 2023இல் அவர் இறக்கும்போது உலகம் அவரை 'ம்பிராவின் ராணி' என்றது. எனக்கு ராணிப் பட்டத்தில் ஈடுபாடு இல்லை. அவருக்குப் பின்னால் வந்த சிவோனிஸோ மராய்ரே, ஹோப் மசிக்கே போன்ற பெண்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் கருவியை எடுக்க முடிந்தது என்பதுதான் முக்கியம். 'இது எங்க மரபு, பெண் தொடக்கூடாது' என்று சொன்னவர்களும் மரபின் பெயரால்தான் சொன்னார்கள். மரபைக் காப்பாற்றியது அவர்கள் இல்லை. அதை மீறிய பெண்தான்.

1980 ஏப்ரலில் விடுதலை. ரூஃபரோ மைதானத்தில் பாப் மார்லி பாடினார், மப்ஃபுமோவும் பாடினார். பிறகு? போர்க்காலத்தில் போராளிகள் ஊர்மக்களைக் கூட்டி ராமுழுக்கப் பாட்டும் பேச்சுமாக நடத்திய கூட்டத்துக்குப் புங்வே என்று பெயர். பீராவின் ராத்திரியை அரசியல் ராத்திரியாக்கிய வடிவம் அது. 1983இலிருந்து மட்டபெலேலாந்தில் புதிய அரசின் அய்ந்தாம் படைப்பிரிவு என்டபெலே மக்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. அப்போது அதே புங்வே பாணியில் ஊரைக் கூட்டி, கொல்லப்பட்டவர்களின் புதைகுழி மேலேயே, அவர்களுடைய உறவினர்களை ஆளும் கட்சியைப் புகழ்ந்து ஷோனா மொழியில் பாடவும் ஆடவும் கட்டாயப்படுத்தினார்கள். மனித உரிமை அமைப்புகள் 1997இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தச் சாட்சியங்கள் இருக்கின்றன. நேற்று ஒடுக்கப்பட்டவனின் பாட்டு இன்று ஒடுக்குகிறவனின் லத்தியாக மாறுவதற்கு மூணு வருசம்கூட முழுசா ஆகலை.

மந்திரிமார்கள் கார் வாங்கி மறுவிலைக்கு விற்ற வில்லோகேட் ஊழல் வெளிப்பட்டதும், 1989இல் மப்ஃபுமோ ஊழலைப் பற்றியே பாடினார். 2000 வாக்கில் நாடு போகிற போக்கைப் பாடினார். அந்தப் பாட்டுகள் அரசு வானொலியில் ஒலிக்கவில்லை. 2001இல் வந்த ஒலிபரப்புச் சட்டம் எழுபத்தைந்து சதவீதம் உள்ளூர்ச் சரக்கு வேணும் என்றது. ஆனால் அந்தச் சதவீதத்துக்குள் சிமுரெங்கா இசையின் தந்தைக்கு இடமில்லை. அவர் அமெரிக்காவின் ஓரகன் மாநிலத்துக்குப் போய்விட்டார். மறுபடி சொந்த நாட்டு மேடையில் ஏறியது 2018இல், முகாபே பதவி இழந்த பிறகு. 2020இல் யுனெஸ்கோ ம்பிரா செய்வதையும் வாசிப்பதையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. 2021இல் ஹராரே நகரின் நடுவில் அரசு நெஹாண்டாவுக்குச் சிலை வைத்தது. நல்லது. பட்டியலும் சிலையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல்லாகிவிட்ட நெஹாண்டா யார் மீதும் இறங்கமாட்டாள். எந்த மந்திரியையும் கேள்வி கேட்கமாட்டாள். அரசுக்கு அதுதான் வசதி.

ஆக, ஒரு சனத்தின் இசையை அழிக்க இரண்டு வழி இருக்கு. பேய் என்று சொல்லித் தடுக்கலாம். பெருமை என்று சொல்லிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். முதல் வழியை நாம் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறோம். இரண்டாவதில் மாலை மரியாதை எல்லாம் சேர்ந்து வருவதால் ஏமாந்துபோகிறோம். ஒரு கலை மதிக்கப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் மூன்று கேள்விகளைத்தான் கேட்பேன். எப்போது வாசிப்பது, யாருக்காக வாசிப்பது என்று முடிவு செய்வது யார்? தொடக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்களா? அந்தக் கலை இன்னும் யாரையாவது சங்கடப்படுத்துகிறதா? பட்டியல்களும் பட்டங்களும் இந்த மூன்றுக்கும் பதில் ஆகாது.

ஜிம்பாப்வேயின் பல பெந்தேகோஸ்தே சபைகளில் இன்றும் ம்பிரா பேய்க்கருவிதான். அதே ஹராரேயில் பள்ளிப் பிள்ளைகள் அதைக் கற்றுக்கொள்கிறார்கள், இளம்பெண்கள் மேடையேறுகிறார்கள், ஊர்ப்புறத்தில் பீராவும் நடக்குது. சண்டை முடியவில்லை. முடியாமல் இருப்பதே ம்பிரா உயிரோடு இருப்பதற்கு அடையாளம் என்று எனக்குப் படுகிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஸ்டெல்லா சிவேஷேயைக் கேளுங்கள், மப்ஃபுமோவைக் கேளுங்கள். கேட்கும்போது அமைதியைத் தேடாதீர்கள். அந்தச் சோடா மூடிகளைக் கேளுங்கள். அதைக் கழற்றிவிட்டு வாசித்தால் பாட்டன் வரமாட்டார் என்பது ஷோனா மக்களின் நம்பிக்கை. பேரப்பிள்ளைகளும் வரமாட்டார்கள் என்பது என் கருத்து.